மூணாங்கட்டை டத்தின்

சாம்பசிவம் எப்படிச் சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கினான், அவன் மனைவி அம்சவல்லி எப்படி டத்தின் ஆனாள் என்று யாராவது கேட்டால், மூணாங்கட்டை ஆட்கள் அரண்மனையிலிருந்து கதையை ஆரம்பிக்க மாட்டார்கள். ரோட்டோரத்தில் கொட்டிக் கிடந்த ஒரு லோரிக் கொழுந்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

ரிங்லெட்டுக்கு மேலே, மூன்றாவது மைல்கல்லில், அங்கத்துப் பேச்சில் மூன்றாவது கட்டையில், பெரிய ரோட்டை விட்டுப் பிரியும் மண்பாதையின் கடைசியில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். போர்டில் இங்கிலீஷ் பெயர் ஒன்று எழுதியிருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது மூணாங்கட்டைதான். சாம்பசிவம் அங்கே லோரி ஓட்டினான். அம்சவல்லி கொழுந்து பறித்தாள். அவளுடைய அண்ணன் வீரப்பன் மண்டோர். பறிக்கிற பெண்களை வேலை வாங்குகிறவன். அண்ணனும் தங்கையும் ஒரே லைனில், ஒரே தகரக் கூரையின் கீழ், பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். இந்த வீட்டில் மீன் வறுத்தால் அந்த வீட்டில் சோறு இறங்கும்.

1973ஆம் வருடத்து மழைக்காலத்தில் ஒரு பகல். அம்சவல்லிக்குப் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த பவளம், கூடையோடு வழுக்கி வாய்க்கால் வரைக்கும் உருண்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தவள். பெண்கள் கூடி அவளைச் சாக்கில் படுக்க வைத்துப் பாதைக்குத் தூக்கி வந்தபோது, கொழுந்து நிரம்பிய லோரி ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஃபேக்டரிக்கு, கிளம்பத் தயாராக நின்றது. துரை ஜீப்பில் வந்து இறங்கினார். புதிதாக வந்த துரை. சாக்கில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார்.

"கொழுந்து சூடேறிக் கெட்டுடும். மொதல்ல அது ஸ்டோருக்குப் போவட்டும். திரும்பி வந்து இந்தப் பொம்பளைய ஏத்திக்க" என்றார் சாம்பசிவத்திடம்.

ஜீப்பை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சாம்பசிவம் துரையைப் பார்த்தான். பிறகு மனைவியைத் தேடினான். அவள் நின்ற இடத்தில் இல்லை. அதற்குள் லோரிமேல் ஏறி, இரண்டு கையாலும் கொழுந்தை வாரி ரோட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் பின்கதவைத் திறந்துவிட்டான். பச்சைக் கொழுந்து சேற்றில் மடமடவென்று சரிந்தது. காலியான இடத்தில் பவளத்தைப் படுக்க வைத்து, அவள் தலையை மடியில் தாங்கியபடி அம்சவல்லி உட்கார்ந்தாள். லோரி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

பவளம் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாம்பசிவத்துக்கு வேலை போயிற்று. அதைக் கேட்டதும் பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். ஆண்கள் செடி வெட்டும் கத்தியை இறக்கி வைத்தார்கள். ஒரு வாரம் மலையில் ஆள் நடமாட்டமே இல்லை. கொழுந்து முற்றி இலையாகிக்கொண்டிருந்தது. துரை இறங்கி வந்துதான் ஆக வேண்டும் என்று லைனில் எல்லாரும் நம்பியிருந்த வேளையில், வெளியாட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லோரி மேலே வந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவன் வீரப்பன்.

அம்சவல்லி பாதையிலேயே அவனை நிறுத்தினாள்.

"அண்ணே, எறங்கு. அது எம் புருசன் ஓட்டுன லோரி."

"அது தோட்டத்து லோரி, அம்சா" என்றான் வீரப்பன். அவன் குரலில் கோபம் இல்லை. "அப்பாவும் அம்மாவும் செத்தப்ப நமக்கு யாரு இருந்தா? பழைய துரைதான் என்னைய ஸ்டோர்ல வேலைக்கு வச்சு, வீட்ட நமக்கே விட்டுக்குடுத்தாரு. இந்தத் தோட்டம் சோறு போட்டுச்சு. அந்தச் சோத்தத்தான் நீயும் தின்ன."

"சோறு போட்டது ஓங் கை. தோட்டம் ஒரு தட்டுகூட குடுக்கல."

"நீ என்னா சொன்னாலும் சரி. நான் துரோகம் பண்ண மாட்டேன்."

"அப்ப நாங்க பண்ணுனது துரோகமா?"

அவன் கியரைப் போட்டான். அவள் ஒதுங்கி நின்றாள். வேறு யாராவது என்றால் ஒதுங்கியிருக்க மாட்டாள். அண்ணன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளை அறுத்தது. அவன் காசுக்கோ பதவிக்கோ அதைச் செய்யவில்லை. நன்றி என்று அவன் நினைத்ததைச் செய்தான். அவளும் அப்படித்தான். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேருக்கு விசுவாசம் இரண்டு பக்கமாகப் போய்விட்டது.

வேலைநிறுத்தம் உடைந்தது. சாம்பசிவத்தின் குடும்பம் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாத்திரம் பண்டங்களை வெளியே வைக்கும்போது மண்டோர் என்கிற முறையில் வீரப்பன் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. நின்றான். அவன் மனைவி ருக்குமணி மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று தேம்பினாள். அம்சவல்லி அழவில்லை. கைக்குழந்தையான மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, லைன் முழுக்கப் பார்த்திருக்க நடுப்பாதையில் நடந்து போனாள்.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர் திரிங்காப்பில் தோட்டம் வைத்திருந்த ஆ செங் என்கிற சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிட்டாலும் பட்டு உடுத்தியவர் என்று நினைத்துவிடக் கூடாது. மலைச்சரிவில் கோஸும் தக்காளியும் போட்டு, முழங்கால் வரை சேற்றோடு திரிகிற மனிதர். அவரிடம் ஒரு கிழட்டு லோரி இருந்தது. அதை ஓட்ட ஒருவரும் நிலைக்கவில்லை. சாம்பசிவம் நிலைத்தான். அம்சவல்லி பாத்தியில் இறங்கினாள். சாமான் கொட்டகையில் பாதியைத் தடுத்து அவர்களுக்கு வீடாக்கிக் கொடுத்தார் ஆ செங்.

மகளுக்குக் காது குத்தும் வயது வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்சவல்லி வீரப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வரவில்லை, துரை கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருக்கலாம், வெட்கமாகவும் இருந்திருக்கலாம். பூசாரி வெகுநேரம் காத்திருந்து பார்த்தார். அம்சவல்லி எழுந்து போய், கோயில் வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆ செங்கைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"தவுக்கே, நீங்க உக்காருங்க."

"நானா? எதுக்கு நானு?"

"இன்னிக்கி நீங்கதான் எனக்கு அண்ணே. புள்ளைய மடியில வைங்க லா."

ஆ செங் சம்மணம் போடத் தெரியாமல் ஒரு மாதிரி உட்கார்ந்தார். ஊசி ஏறியதும் பிள்ளை வீரிட்டது. பிள்ளையைவிட அவர் அதிகமாகக் கலங்கினார். அன்றைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தை அவர் வேலையாட்கள் என்று சொன்னதில்லை.

லோரி ஓட்டுவதை அம்சவல்லி கற்றுக்கொண்டது விளையாட்டாகத்தான். தோட்டத்துப் பாதையில் சாம்பசிவம் சொல்லிக் கொடுத்தான். சும்மா இருக்கட்டுமே என்று மலையடிவாரத்திலிருக்கும் தாப்பாவுக்குப் போய் லைசென்ஸும் எடுத்து வைத்தாள். அது நல்லதாகப் போயிற்று. ஒருநாள் பெட்டி சரிந்து சாம்பசிவத்தின் கால் முறிந்தது. வெட்டிய கோஸ் மலைபோல் குவிந்து கிடந்தது. மழை வேறு. ஆ செங் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாவிய குடுங்க" என்றாள் அம்சவல்லி.

"தாப்பா ரோடு ரொம்ப சுசா, கஷ்டம், அம்சா. வளைவு வளைவா இருக்கும்."

"ரோடுதான வளையுது? நான் வளைய மாட்டேன்."

ஆ செங் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அடிவாரம் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை; தனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் அவர் வாய் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. தாப்பாவில் புடவையைச் செருகிக்கொண்டு லோரியிலிருந்து குதித்த பெண்ணைப் பார்க்க மார்க்கெட்டே திரண்டது. சரக்கு இறக்குகிறவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். "என்னா பாக்குறீங்க? கோஸ எறக்குங்க" என்றாள் அவள். இறக்கினார்கள்.

மற்ற முதலாளிகள் சாம்பசிவத்தை இழுத்துப் பார்த்தார்கள். கம்போங் ராஜாவிலிருந்து ஒருவர் புது லோரியே காட்டினார். "வெயில்ல நின்னப்ப நெழல் குடுத்தவர விட்டுட்டு எப்படி வர்றது?" என்று சாம்பசிவம் மறுத்துவிட்டான். ஆ செங்கின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவருக்கு வயதாயிற்று. முதலில் லோரியைச் சாம்பசிவத்தின் பெயருக்கு மாற்றினார். பிறகு தோட்டத்தில் பங்கு கொடுத்தார். கடைசியில், "நான் ஒக்காந்து டீ குடிக்கிறேன். நீ பாத்துக்க" என்று எல்லாவற்றையும் அவன் பொறுப்பில் விட்டார்.

அதற்குப் பிறகு வளர்ச்சியைக் கேட்கவே வேண்டாம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அவர்கள் லோரிகள் காய்கறியும் பூவும் கொண்டு போயின. திரிங்காப்பில் கல்வீடு எழும்பியது. ஒவ்வொரு லோரியின் நெற்றியிலும் 'மூணாங்கட்டை' என்று பெரிதாக எழுத வைத்தாள் அம்சவல்லி. ஸ்டீரிங்கைப் பிடித்தவர்களும் மூணாங்கட்டைப் பையன்கள்தான். லைனில் கல்யாணம் என்றால் காய்கறி இவர்கள் வீட்டிலிருந்து போகும். சாவு என்றால் முதல் லோரி இவர்களுடையது. வீரப்பன் மட்டும் அந்த லோரி வந்தால் வீட்டுக்குள் போய்விடுவான். திருவிழாவில் எதிரெதிரே வந்தாலும் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

1984இல் பவளம் திரிங்காப்புக்கு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, தோட்டத்த வித்துட்டாங்க. புதுக் கம்பெனி ஹோட்டல் கட்டப் போவுதாம். வர்ற திங்கக்கெழம லைன இடிக்க புல்டோசர் வருது. எங்க போறதுன்னு யாருக்கும் தெரியல."

சாம்பசிவம் அப்போது பஞ்சாயத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் தலைவன். நாலு பேர் எழுந்து நின்று வணங்குகிற ஆள். அவன் நெற்றியைத் தேய்த்தான்.

"பெரிய எடத்து ஆளுங்க, அம்சா. மோதுனா நம்ம பெர்மிட்டெல்லாம் போனாலும் போயிடும்."

"போனா போவட்டும். கொட்டகையில இருந்துதான வந்தோம்? இன்னும் அந்தக் கொட்டகை இருக்கு."

அவன் சிரித்தான். "சரி. நீ ரோட்டப் பாத்துக்க. நான் டி.ஓ. ஆபீசுல மாவட்ட அதிகாரியப் பாத்துக்கறேன். ஆனா யாரும் கைய ஓங்கக் கூடாது. ஒரு கல்லு விழுந்தாலும் நம்ம பேச்சு எடுபடாது."

திங்கள் காலையில் பனி விலகும்போது, மண்பாதையின் குறுக்கே லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதல் லோரியில் அம்சவல்லி. அவளுக்குப் பின்னால் லைன் ஜனம் முழுவதும் பாதையில் உட்கார்ந்திருந்தது. புல்டோசர் உறுமிக்கொண்டே வந்து நின்றது. கம்பெனி ஆபீசர் ஒருவர் இறங்கிக் கத்திப் பார்த்தார். யாரும் அசையவில்லை. அவர் ஆள் அனுப்பி வீரப்பனைக் கூட்டி வரச் சொன்னார்.

தலை நரைத்திருந்தது அவனுக்கு. பெரிய மண்டோர் ஆகியிருந்தான். காக்கிச் சட்டையைப் பட்டன் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லோரிக் கதவுப் பக்கம் வந்தான். பதினோரு வருடம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு.

"லோரிய எடு, அம்சா."

"எடுக்க மாட்டேன், அண்ணே."

"போலீசு வரும்."

"வரட்டும். ஒனக்கு எங்க வீடு குடுக்கறாங்க?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "ரிங்லெட்ல தர்றதா சொல்லியிருக்காங்க."

"மத்தவங்களுக்கு?"

வீரப்பன் பாதையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிப் போய் ஆபீசரை மரியாதையாகத் துவான் என்று அழைத்துக் கேட்டான். அம்சவல்லிக்குக் கேட்கிற தூரம்தான்.

"துவான், லைன இடிச்சா பறிக்கற ஆளுங்க எங்க இருந்து வருவாங்க? தூரமாச்சே."

"எதப் பறிக்க?"

"கொழுந்து, துவான்."

ஆபீசர் சிரித்தார். "தேயிலையா? அதையெல்லாம் பிடுங்கப் போறோம். இங்க கோல்ஃப் திடல் வருது."

வீரப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கண் மலைமேல் ஏறியது. அவன் பிறந்ததிலிருந்து பார்த்த மலை. கவ்வாத்து வெட்டி, களை எடுத்து, மழையிலும் வெயிலிலும் அவன் காத்த மலை. தங்கையைப் பகைத்துக்கொண்டது அதற்காக. மருமகள் காதுகுத்துக்குப் போகாமல் இருந்ததும் அதற்காக. அவன் முகம் வெளுத்ததை அம்சவல்லி பார்த்தாள். ஒரு கணம் ஸ்டீரிங்கை விட்டு இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப தோட்டமே இல்ல?" என்றான் வீரப்பன்.

"இல்ல. சீக்கிரம் அந்தப் பொம்பளைய எறக்கு."

"தோட்டம் இல்லன்னா நான் யாருக்கு மண்டோரு?"

ஆபீசருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. வீரப்பன் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கையிலிருந்த தொப்பியைப் புல்டோசரின் முன்பலகையில் வைத்தான். நடந்து வந்து, லோரியின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். பாதையில் இருந்த ஜனம் ஓவென்று சத்தம் போட்டது.

இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் கேட்டான்:

"லோரி புதுசா?"

"போன வருசம் எடுத்தது."

"கிளச்சு எப்படி?"

"நல்லா இருக்கு, அண்ணே" என்றவள் அதற்குமேல் முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போலீஸ் வந்து அண்ணனையும் தங்கையையும் அழைத்துப் போனது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பெஞ்சில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். லோரிச் சாவிகள் மட்டும் அம்சவல்லியின் இடுப்பில் இருந்தன. கேட்டபோது, "எங்கயோ விழுந்துடுச்சு, துவான்" என்றாள். லோரிகள் நகரவில்லை. மத்தியானத்துக்குமேல் சாம்பசிவம் மாவட்ட அதிகாரியோடு வந்தான். பேசி முடிக்கும்வரை இடிக்கக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது.

பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. சாம்பசிவம் மாநிலத் தலைநகர் குவாந்தானுக்கும் ரிங்லெட்டுக்கும் நடையாய் நடந்தான். குரலை உயர்த்தாமல், கொண்ட பேச்சை விடாமல் பேசுவான். கம்பெனிக்காரர்களே கடைசியில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். அரசாங்கம் பக்கத்துச் சரிவில் நிலம் ஒதுக்கியது. கம்பெனி பலகையும் தகரமும் கொடுக்க ஒப்புக்கொண்டது. மிச்சத்துக்கு இரண்டு லோரியை விற்றார்கள். மீதி லோரிகள் கல்லும் மணலும் சுமந்தன. வேலையை மேற்பார்த்தவன் வீரப்பன். கொழுந்து பறிக்க வைத்த அதே அதட்டலோடு செங்கல் சுமக்க வைத்தான். ஒரு வருடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வாசல் வந்தது. அதில் முதல் சாவியைப் பவளத்தின் கையில் கொடுத்தாள் அம்சவல்லி.

1986இல், சுல்தானின் பிறந்தநாளையொட்டிப் பட்டம் பெறுகிறவர்களில் சாம்பசிவத்தின் பெயரும் இருப்பதாகச் செய்தி வந்தது. டத்தோ பட்டம்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி பொண்டாட்டிய போலீசு பிடிச்சுது. இப்ப புருசனுக்கு டத்தோவா?" என்று ருக்குமணி வாயில் கையை வைத்தாள்.

"அதனாலதான் குடுக்கறாங்க" என்றான் வீரப்பன். சொல்லும்போது தானே பட்டம் வாங்கியவன்போல் மீசையைத் தடவினான்.

பெக்கான் அரண்மனைக்கு வீரப்பன்தான் கார் ஓட்டினான். கறுப்பு உடுப்பும் சொங்கோக் தொப்பியும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உடுப்பின் கழுத்து இறுக்கியதில் சாம்பசிவத்துக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. உள்ளே இருவருக்குத்தான் அனுமதி. வெளியே மர நிழலில் வீரப்பனும் ஆ செங்கும் நின்றார்கள். அம்சவல்லிக்கு யார் மூத்த அண்ணன் என்று அவர்களுக்குள் வாக்குவாதம். "காது குத்துனப்ப நீ எங்க?" என்று ஆ செங் ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார்.

மண்டபத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். சாம்பசிவம் எழுந்து நடந்தான். முறிந்து சேர்ந்த கால் மழைநாளில் கொஞ்சம் இழுக்கும், அன்றைக்கு இழுக்கவில்லை. கொட்டகையில் குடியிருந்த மனிதன் பதக்கம் மின்ன நெஞ்சை நிமிர்த்தித் திரும்பி வருவதைப் பார்த்தால் தனக்கு அழுகை வரும் என்று அம்சவல்லி பயந்திருந்தாள். வரவில்லை. இது வர வேண்டியதுதான் என்று தோன்றியது. கொடுத்தவர்கள் சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் திரிங்காப் வீட்டு வாசலில் நாலைந்து பேர் தயங்கி நின்றார்கள். லெம்பா பெர்த்தாம் பக்கத்து விவசாயிகள். காலில் சேறு காயவில்லை. அம்சவல்லி புடவையைச் செருகிக்கொண்டு லோரியின் டயரைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களில் காளிமுத்து என்கிறவர் தொண்டையைச் செருமினார். "டத்தோ இருக்காங்களா... டத்தின்?"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்களா என்று. பிறகு சிரித்துவிட்டாள்.

"டத்தோ குளிக்கிறாரு. அவரு குளிச்சு முடிக்க நேரமாவும். என்னா விசயம்?"

"ஆத்துல பாலம் போயிடுச்சுங்க. சரக்க வெளிய கொண்டார முடியல. ஆபீசுக்கு நடந்து நடந்து பாத்துட்டோம்."

"யாரப் பாத்தீங்க?"

"கிளார்க்கு கிராணியத்தான்."

"கிராணியப் பாத்தா பாலம் வருமா?" அம்சவல்லி கையைத் துடைத்துக்கொண்டு லோரிக் கதவைத் திறந்தாள். "நீங்க ரெண்டு பேரு முன்னால ஏறுங்க, மத்தவங்க பின்னால ஏறுங்க. டி.ஓ. பெரியவரு எட்டு மணிக்கெல்லாம் ஆபீசுக்கு வந்துடுவாரு. அவரு காப்பிய வாயில வைக்கறதுக்குள்ள நாம அங்க நிக்கணும்."